முப்பது மீட்டர்ப் பச்சை

தலைநகரிலிருந்து படகேறி வந்த பையன்
முழங்கால் வரை சேற்றோடு
கைக்கணினியை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறான்.
"அம்மா, இந்த இடம் காடுதானே?
மேலேயிருந்து எடுத்த படத்தில்
பச்சையாகத்தான் இருக்கிறது."

நான் உதிரிப்பழம் பொறுக்குகிறவள்.
அறுக்கிறவன் குலையைத் தள்ளும்போது
நாலாபுறமும் ஓடுகிற சிவப்புக் கொட்டைகள்
மூட்டைக்கு இவ்வளவு என்று என் அட்டையில் ஏறும்.
நாளெல்லாம் குனிந்தே கிடப்பவளிடம்
வானத்தின் சாட்சியைக் கொண்டுவந்திருக்கிறான்.

பெயர் ஹெர்மினா. எழுதிக்கொள்.
வயது வேண்டாம்.

உன் படத்தில் ஒரு புள்ளி எவ்வளவு, தம்பி?
முப்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம்.
அதற்குள் என்ன இருந்தாலும்
ஒரே நிறம்தான் கொடுக்க முடியுமாம்.

சரி, வா. நடந்து பார்ப்போம்.
ஒன்று, இரண்டு, மூன்று...
பதின்மூன்று செம்பனை.
ஒரு பெருச்சாளி.
உரச்சாக்கு ஒன்று, பாதி மண்ணுக்குள்.
முடிந்தது உன் புள்ளி.

இதே முப்பது மீட்டரில்
ஒரு கலிப் மரம் நின்றது.
அதன் கொட்டை யாருக்கு என்று
இரண்டு வீடுகள் ஒன்பது வருடம் பேசாமல் இருந்தோம்.
பன்றி கொடுத்துத்தான் பேச்சு திரும்பியது.
பக்கத்தில் ஒரு க்விலா. அதன் பொந்தில்
இருவாச்சிப் பெட்டை தன்னைத் தானே மண்பூசி அடைத்துக்கொண்டு
இடுக்கு வழியே அலகை மட்டும் நீட்டும்.
ஆண் பறவை நாளெல்லாம் பழம் சுமக்கும்.
பிரம்பு, பிரம்பு, காலைக் கிழிக்கிற பிரம்பு.
ஒரு வேர்ப்பள்ளத்தில்
என் கொழுந்தன் இக்னாஸ்
குடித்துவிட்டு இரண்டு ராத்திரி தூங்கினான்.
நாங்கள் செத்துவிட்டான் என்று
ஒப்பாரியே வைத்து முடித்திருந்தோம்.

அந்த இக்னாஸ்தான் பிறகு
காகிதத்தில் பெருவிரல் வைத்தவன்.
அவனைத் திட்டினால் எனக்குக் கோபம் வரும்.
ரோடு வரும் என்றார்கள், வந்தது.
என் மகள் வலியெடுத்து
அந்த ரோட்டில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.
பச்சை உடம்போடு
பழக்குலை ஏற்றிய லாரியில்
முள் குத்தாமல் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தபடி
அதே ரோட்டில் திரும்பினாள்.
அதையும் உன் கணக்கில் எங்காவது எழுது.
எந்தக் கட்டத்தில் என்று எனக்குத் தெரியவில்லை.

காட்டில் நான் ஒரு நாளும் வழி தவறியதில்லை.
இங்கே தவறினேன்.
மழை இருட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும்
நேர் வரிசை. அதன் முடிவில் இன்னொரு நேர் வரிசை.
ஓடைச் சத்தம் எதற்கும் இல்லை.
ஓடையைக் குழாயில் போட்டாகிவிட்டது.
ஒரு மரத்தைத் தடவி எண்ணைப் படித்தேன்:
பிளாக் பதினான்கு, வரிசை முப்பத்திரண்டு.
கலிப் நின்ற இடம்.
என் கை தடவியது வேறு தோலை.

பச்சைதான், தம்பி. மறுக்கவில்லை.
பச்சைப் பொய்யும் பச்சைதானே.

அவன் சிரிக்கவில்லை.
பேட்டரி பதினொரு சதவீதம் என்கிறான்.
இரண்டு கட்டம்தான் இருக்கிறது,
காடு, தோட்டம்,
ஏதாவது ஒன்றை அழுத்தியே ஆகவேண்டும்
என்கிறான், என்னிடம் மன்னிப்புக் கேட்கிறவன் போல.

அழுத்துவதற்கு முன் இங்கே குனி.
ஏழாவது மரம். வெட்டிய மட்டையின் அடியில்
எச்சமோ மக்கோ சேர்ந்த இடுக்கில்
என்ன தெரிகிறது?
இரண்டு இலை. மூன்றாவது இன்னும் சுருட்டி வைத்திருக்கிறது.
எந்தப் புறா எங்கிருந்து கொண்டுவந்து போட்டதோ.
படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறான்.
பெரிதாக்கப் பெரிதாக்க
புள்ளி சதுரமாகிறது,
சதுரம் திரை முழுக்க ஒரே நிறமாகிறது.

வியாழக்கிழமை இந்த வரிசைக்கு
இக்னாஸ் மருந்துப் பம்போடு வருவான்.
அவனுக்கு வரிசைக்குத்தான் கூலி,
இலை பார்த்து நிறுத்துவதற்கு இல்லை.

இன்று செவ்வாய்.